விஞ்ஞானத்தின் பேரால் விளம்பரம்

(சித்திரத் தொழில் பயிலும் வாலிபர்கள் கூட்டிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இங்கு நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்டவர்கள் சித்திரத் தொழில் படிக்கின்ற மூன்று வாலிபர்களாவார்கள். இவர்களுக்குக் கல்லூரியில் ஒரு வேலை கொடுத்திருக்கின்றார்கள். அதாவது, விஞ்ஞானக் கற்பனைக் கதைகளையே காட்டுவதற்கென்று ஏற்பட்ட ஒரு டெலிவிஷன் சானலுக்கு விளம்பரம் செய்வது எப்படி என்று ஒரு திட்டம் போட்டு, அதற்கு வேண்டிய முத்திரை, சுவரொட்டி, நிகழ்ச்சிகளின் நடுவில் காட்டுகின்ற சிறு படம் ஆகியவைகளையெல்லாம் வரைந்து கொடுக்கவேண்டுமாம். இவர்கள் அமெரிக்காவிலுள்ள சைஃபை சானலை உதாரணமாக எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு படமும் போட்டுக்கொண்டு வந்து, நம் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள்.

நமக்குச் சித்திரம் வரையத் தெரியாது. கோடு இழுத்தால் அது நேராகப் போவதில்லை. ஆனாலும் விளம்பரம் என்பதைப் பற்றி நமக்குக் கொஞ்சம் தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம். ஏனெனில் நம் நாட்டுத் தல புராணங்கள் யாவும் விளம்பர நோட்டீசுகளேயல்லாமல் வேறல்ல. இந்தக் குளத்தில் குளித்தால் குஷ்டம் தீரும், அந்த மரத்தைச் சுற்றினால் பிள்ளை பிறக்கும் என்று எழுதி வைத்தவன் எவனோ, அவனைவிடக் கெட்டிக்கார விளம்பரக்காரன் அமெரிக்காவிலும் கிடையாது. ஆதலால் வர்ணத்தைப் பற்றியும் எழுத்தின் வளைவைப் பற்றியும் பேசுவதை இவர்களுடைய ஆசிரியர்களுக்கே விட்டுவிட்டு, விற்கப்படும் சரக்கு என்ன, அதை யோக்கியமாய் விற்பது எப்படி என்பதைப் பற்றிப் பேசலாமென்றிருக்கின்றோம்.

முதலாவதாக, இந்தச் சானல் எப்படி உண்டாயிற்று என்பதைச் சற்று பாருங்கள். புளோரிடாவைச் சேர்ந்த ரூபன்ஸ்டைன், சில்வர்ஸ் என்கின்ற புருஷனும் மனைவியும் 1989-ல் இந்த யோசனையைத் தொடங்கினார்கள். பிறகு அதை யு.எஸ்.ஏ. நெட்வொர்க் என்னும் பெரிய ஸ்தாபனம் வாங்கிற்று. 1992-ம் வருடம் செப்டம்பர் மாதம் 24-ந் தேதி கேபிள் வழியாக ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. முதன் முதல் காட்டிய படம் 'ஸ்டார் வார்ஸ்'. இதில் நாம் கவனிக்கவேண்டியது என்னவென்றால், ஆரம்பத்தில் இதற்கு ஆலோசனை சொல்ல ஏற்பட்ட குழுவில் இருந்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் ஐசக் அசிமோவ். மற்றொருவர் 'ஸ்டார் டிரெக்' கதையை உண்டாக்கிய ஜீன் ராடன்பரி. அசிமோவ் ரசாயனம் படித்துக் கல்லூரியில் போதித்தவர். ஐந்நூறு புத்தகங்கள் அளவுக்கு எழுதியும் தொகுத்தும் வெளியிட்டவர். கடவுள் நம்பிக்கை தமக்கில்லை என்பதை மறைக்காமல் சொன்னவர். அமெரிக்க மனிதநேயச் சங்கத்துக்குத் தலைவராயிருந்தவர். ராடன்பரியும் மதத்தின் தயவு இல்லாமலே மனிதன் முன்னேறுவான் என்கின்ற கொள்கையுடையவர். இவ்விருவரும் சானல் ஆரம்பமாவதைப் பார்க்காமலே, ஒருவர் 1991-லும் மற்றவர் 1992-லும் இறந்துபோனார்கள். ஆரம்ப நாளன்று ஒளிபரப்பை அவ்விருவருக்கும் சமர்ப்பணம் செய்தார்கள். இதைத் தோழர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இது நமக்கு வேண்டியிருக்கிறது.

நிற்க, விஞ்ஞானக் கற்பனை என்றால் என்ன? சிலர் இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைக்கின்றார்கள். 1905-ம் வருடம் நமது சென்னையிலே 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்ற இங்கிலீஷ் பத்திரிகையில் வங்காளத்து முஸ்லிம் பெண்மணியாகிய ரொக்கையா உசேன் அவர்கள் 'சுல்தானாவின் கனவு' என்று ஒரு கதை எழுதினார். அதில் பெண்கள் ராஜ்யம் ஆளுகின்றார்கள். ஆண்கள் கோஷாவில் அடைபட்டுச் சமையல் செய்கின்றார்கள். சூரியனுடைய உஷ்ணத்தைச் சேர்த்து வைத்து அடுப்பெரிக்கின்றார்கள். மேகத்திலிருந்து நேரே தண்ணீர் இறக்குகின்றார்கள். வானத்தில் வண்டி ஓட்டுகின்றார்கள். அப்பொழுது நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்? அந்தக் காலத்தில் ஒரு பெண், 'இப்படி இருந்தால் என்ன?' என்று கேட்டுவிட்டாள். இந்த 'இருந்தால் என்ன?' என்பதுதான் இந்தக் கதைகளின் உயிர்.

அதுபோலவே, பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு யந்திரத்தை நிறுத்தினால் அது பூமி சுற்றுகிற வேகத்திலேயே சுற்றி, ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும், அதைக் கொண்டு உலகமெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945-ல் விவரமாய் எழுதியவர் ஆர்தர் கிளார்க். அவர் கதை எழுதுகின்றவர். 1956 முதல் 2008-ல் சாகும் வரை இலங்கையில் வாழ்ந்தவர். இன்று டெலிவிஷன் சானல்கள் பலவும் அப்படிப்பட்ட யந்திரத்தின் வழியாகத்தான் ஊர் ஊராய்ப் போகின்றன. ஆகவே இந்தச் சானலுக்கு விளம்பரம் செய்யப் புறப்பட்டவர்கள் ஏதோ பொம்மைக் கடைக்கு நோட்டீசு போடுவதாய் நினைக்கக் கூடாது.

இனி முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தச் சானல் முதலில் வைத்துக்கொண்ட அடையாளம் வளையத்தோடு கூடிய ஒரு கிரகம். அதாவது நம் ஊர்ச் சனி! 2009 வரையில் உருவம் கொஞ்சம் மாறினாலும் சனியை அவர்கள் விடவில்லை. நம் ஊரில் எவனாவது ஒரு கடைக்குச் சனியை முத்திரையாக வைப்பானா? "ஏனடா, விளங்கவா போகிறது?" என்று பெற்ற தாயே கேட்பாள். நாம் சனிக்கு எள் எண்ணெய் ஊற்றி, திருநள்ளாற்றுக்கு ரயிலேறி, ஏழரை வருஷம் பயந்து சாகின்றோம். அந்த ஏழரை எங்கிருந்து வந்தது? சனி சூரியனைச் சுற்றிவர இருபத்தொன்பதரை வருஷமாகின்றது. அதைப் பன்னிரண்டு வீடாகக் கூறுபோட்டால் வீட்டுக்கு இரண்டரை. மூன்று வீட்டுக்கு ஏழரை. கணக்கு சரிதான், அதில் பயத்தைக் கலந்தவன்தான் நம்மை மோசம் செய்தான். அங்கே கலிலியோ 1610-ல் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இதென்ன இரண்டு பக்கமும் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கின்றதே என்று திகைத்தார். ஹைகன்ஸ் 1659-ல் அது வளையமென்று எழுதினார். 2004-ல் காசினி என்னும் யந்திரம் அங்கேயே போய்ச் சேர்ந்து, பதின்மூன்று வருஷம் சுற்றிச்சுற்றிப் படம் எடுத்து அனுப்பிற்று. வளையம் பெரும்பாலும் பனிக்கட்டி. ஒரே கிரகம்தான், அதைக் கண்டு ஒருவன் எண்ணெய் ஊற்றுகின்றான், ஒருவன் யந்திரம் அனுப்புகின்றான். ஒரு நல்ல முத்திரைக்கு இவ்வளவு அர்த்தம் இருக்கக்கூடும் என்பதற்காக இதைச் சொன்னோம்.

பெயர் விஷயம் வேறு. 'சைஃபை' என்பது எல்லோரும் பேசுகிற பொதுச் சொல்லாகையால், அதைத் தங்களுக்கே உரியதென்று பதிவு செய்து சொந்தமாக்கிக்கொள்ள அவர்களால் முடியவில்லை. அதற்காக 2009 ஜூலை 7-ந் தேதி எழுத்தை மாற்றினார்கள். முன்பு எஸ், சி, ஐ, எஃப், ஐ. பின்பு எஸ், ஒய், எஃப், ஒய். சத்தம் ஒன்றே. நாம் தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். நம்மவர்களுக்கு அந்தச் செலவு மிச்சம். ஆனால் போலந்து பாஷையில் அந்தப் புதிய எழுத்துக் கூட்டம் அழுக்கையும் மேக நோயையும் குறிக்கிற கொச்சைச் சொல்லாய் இருந்தபடியால், அந்நாட்டில் பழைய எழுத்தையே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆகவே பெயர் வைக்கிறவர்கள் அதை நாலு ஊர்க்காரர்கள் வாயில் சொல்ல வைத்துப் பார்க்கவேண்டும். இது முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலை.

தோழர்களே! இனி முக்கியமான சங்கதிக்கு வருகின்றோம். இந்த மூன்று படங்களில் இரண்டாவது படத்தை வரைந்த தோழர், வெள்ளைச் சேலையோடு தலைவிரி கோலமாய் ஓர் உருவத்தைப் போட்டு, அதன் கீழே 'இது கதையல்ல' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கின்றார். "ஏன் தம்பி, விஞ்ஞானச் சானலுக்குப் பேய் எதற்கு?" என்று கேட்டோம். "பேயைப் போட்டால்தான் ஐயா கூட்டம் வரும், அந்தச் சானலே அப்படித்தானே செய்தது?" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதனால்தான் அதைப் பற்றிச் சற்று விரிவாய்ச் சொல்லவேண்டியிருக்கின்றது.

அசிமோவ் ஆலோசனை சொன்ன அதே சானலில், அவர் செத்துச் சுமார் எட்டு வருஷத்தில், அதாவது 2000-ல், செத்தவர்களோடு பேசுவதாகச் சொல்லுகின்ற ஜான் எட்வர்டு என்பவருக்கு ஒரு நிகழ்ச்சி கொடுத்தார்கள். 2004 வரையில் அது நடந்தது. கூடத்தில் ஜனங்களை உட்காரவைத்து, "இந்தப் பக்கத்தில் யாருக்கோ தகப்பனார் ஸ்தானத்தில் ஒருவர் வருகின்றார், பெயரில் 'ஜே' என்ற எழுத்து இருக்கின்றது, மார்பிலே ஏதோ நோய்" என்கின்ற மாதிரி ஆரம்பிப்பதுதான் இந்தத் தொழில். நூறு பேர் கூடின இடத்தில் ஜான், ஜேம்ஸ், ஜோசப், ஜார்ஜ் என்று செத்துப்போன ஒருவர் எந்தக் குடும்பத்தில் இல்லை? மார்பில் நோயில்லாமல் எத்தனை கிழவர்கள் சாகின்றார்கள்? துக்கத்திலிருக்கின்ற ஒரு பெண் விம்மிக்கொண்டு தலையை அசைத்தால், மீதி விஷயத்தை அவள் முகமே சொல்லிவிடும். தப்பிப்போன ஊகங்களைக் கத்தரித்துவிட்டால் பலித்தது மாத்திரம் மிஞ்சும். நம் ஊர்க் குடுகுடுப்பைக்காரன் கத்தரிக்கோல் இல்லாமலே இதைச் செய்கின்றான். அவனுக்குக் கிடைப்பது ஒரு பழைய வேஷ்டி. இப்படிப்பட்ட சக்தியைச் சரியான பரீட்சையில் காட்டுகிறவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் என்று ஜேம்ஸ் ராண்டியின் ஸ்தாபனம் வைத்திருந்த பரிசு 2015-ல் மூடப்பட்டது. அதுவரை ஒருவரும் வாங்கவில்லை.

அதன் பிறகு 2004-ல் 'கோஸ்ட் ஹண்டர்ஸ்', அதாவது பேய் வேட்டைக்காரர்கள் என்று ஒன்று வந்தது. அதன் தலைவர்கள் இருவரும் பகலில் குழாய் வேலை செய்கிறவர்கள். குழாய் வேலை யோக்கியமான வேலை; அதை நாம் குறை கூறவில்லை. இரவில் அவர்கள் விளக்கை அணைத்துவிட்டு, காந்த மண்டலத்தை அளக்கின்ற ஒரு கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு பழைய வீடுகளில் அலைவார்கள். முள் ஆடினால் ஏதோ இருக்கின்றது என்பார்கள். சுவருக்குள் மின்சாரக் கம்பி ஓடினாலே அந்த முள் ஆடும். இது 2016 வரை அந்தச் சானலில் நடந்தது. கூட்டம் வரவில்லையானால் பன்னிரண்டு வருஷம் நடத்துவானா? ஆகையால் பேய்க்குக் கூட்டம் வராது என்று நாம் பொய் சொல்லப் போவதில்லை.

இதையெல்லாம்விட மோசமானது அதே 2004 ஜூலையில் நடந்தது. மனோஜ் சியாமளன் என்கின்ற சினிமா டைரக்டரைத் தோழர்கள் அறிந்திருக்கலாம். புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயில் பிறந்தவர், தாயார் தமிழர். அவருடைய 'தி வில்லேஜ்' என்ற படம் வெளிவரும் சமயத்தில், இந்தச் சானல் அவரைப் பற்றி மூன்று மணி நேரப் படம் ஒன்று காட்டிற்று. அவர் சிறு வயதில் தண்ணீரில் மூழ்கிச் செத்துப் பிழைத்தவர் என்றும், அது முதல் ஆவிகளோடு அவருக்குத் தொடர்புண்டு என்றும் அதில் ஜாடை காட்டினார்கள். அவர் இந்தப் படத்தின் பேரில் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார் என்று பத்திரிகைக்காரர்களுக்கும் செய்தி விட்டார்கள். எல்லாம் ஜோடனை! டைரக்டரும் உடந்தை. விஷயம் வெளிப்பட்டவுடன் சானலின் தலைவி ஒப்புக்கொண்டார். இது தங்கள் கொள்கைக்குப் பொருந்தியதல்ல என்று மேல் ஸ்தாபனமும் சொல்லிவிட்டது.

இதில் குற்றம் எங்கே இருக்கின்றது? சனிக்கிரகத்தில் மனிதன் வீடு கட்டினான் என்று கதை எழுதினால் அது பொய்யாகாது. சொல்லுகிறவனுக்கும் அது கதையென்று தெரியும், கேட்கின்றவனுக்கும் தெரியும். இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டு விளையாடுகின்றார்கள். விளையாட்டு முடிந்து எழுந்திருக்கும்பொழுது கேட்டவனுக்கு ஒரு புதுக் கேள்வி கையில் இருக்கும். ஆனால் 'இது கதையல்ல' என்று எழுதினவுடனே அந்த ஒப்பந்தம் முறிந்துபோகின்றது. அதற்குமேல் விஞ்ஞானம் என்கின்ற பெயர்ப்பலகையையும் மாட்டிவிட்டால், எளிய மனிதன் என்ன நினைப்பான்? 'கருவி வைத்துப் பார்த்திருக்கின்றார்கள், விஞ்ஞானச் சானலிலேயே வந்துவிட்டது' என்று நினைப்பான். பூசாரியின் வார்த்தையைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டவனைக்கூட இது ஏமாற்றிவிடும்.

அந்தத் தம்பி இதற்கு ஒரு பதில் சொன்னார். "நாளைக்கு நான் வேலைக்குப் போனால் முதலாளி பேயைத்தான் வரையச் சொல்லுவார். மாட்டேன் என்றால் என் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. தகப்பனாருக்கு நெசவு, இரண்டு தங்கைகள். அப்படிப்பட்டவரிடம் வேலையை விட்டுவிடு என்று மேடையிலிருந்து சொல்லுவது சுலபம்; நாமா அரிசி வாங்கிக் கொடுக்கப் போகின்றோம்? ஆனாலும் ஒன்று செய்யலாம். பேயை வரையச் சொன்னால் வரையுங்கள். பேய்க்கதை என்று எழுதுங்கள். நிஜம் என்று எழுதச் சொல்லும் இடத்தில் மாத்திரம், "இந்த வார்த்தை இல்லாமலே படம் நன்றாயிருக்கிறது" என்று ஒரு தடவையாவது சொல்லிப் பாருங்கள். தொழில் தெரிந்தவன் சொன்னால் முதலாளிகள் சில சமயம் கேட்பதுண்டு. கேட்காவிட்டாலும் சொன்னவன் நீங்கள்.

மூன்றாவது படத்தை வரைந்தவர் ஒரு பெண். இவர் ஒரு கறுத்த பெண்பிள்ளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வேலிக்கு மேலே வளையத்தோடு தொங்குகின்ற சனியை நிமிர்ந்து பார்ப்பதாகப் போட்டிருக்கின்றார். நமக்கு மிகவும் பிடித்தது. ஆனால் படத்தைப் பார்த்த பெரிய மனிதர் ஒருவர், "முகத்தை மாத்திரம் கொஞ்சம் சிவப்பாக்கிவிடம்மா" என்றாராம். தோழர்களே, இந்தச் சிவப்பாக்குகிற வியாதி நமக்கு மாத்திரம் இல்லை. உர்சுலா லெ குவின் என்கின்ற அம்மையார் 1968-ல் 'பூமிக்கடல்' கதையை எழுதினபொழுது, கதாநாயகனைச் செம்பழுப்பு நிறத்தவனாகவும், அந்தத் தீவுகளின் ஜனங்களில் பெரும்பாலோரைக் கறுத்தவர்களாகவும் வேண்டுமென்றே வைத்தார். (இது மந்திரக் கதை, விஞ்ஞானக் கதையல்ல, அது வேறு விஷயம்.) நாம் சொல்லிக்கொண்டிருக்கின்ற இதே சானல் 2004 டிசம்பரில் அதைப் படமாக்கினபொழுது கதாநாயகன் வெள்ளைக்காரனாகிவிட்டான். அம்மையார் பத்திரிகையில் பகிரங்கமாய்க் கண்டித்து எழுதினார். தமது புத்தகங்களுக்கு மேலட்டை போடுகின்றவர்களோடும் இதற்காகவே பலமுறை சண்டை போட்டிருக்கின்றார். மேலட்டை போடுகின்றவர் யார்? சித்திரக்காரர். கறுப்பு மனிதன் நாளைய உலகத்தில் இருக்கிறானா இல்லையா என்பது தூரிகை பிடித்தவன் கையில் இருக்கின்றது. ஆதலால், அம்மா, அந்த முகத்தைத் தொடாதே.

இந்தச் சானலை வெறுமனே திட்டுவதற்காக நாம் வரவில்லை. அவர்கள் செய்ததிலேயே யோக்கியமான விளம்பரமும் உண்டு. 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற அவர்களுடைய தொடர் முடிகிற சமயம், 2009 மார்ச் 17-ந் தேதி, நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைக் கட்டிடத்திலேயே ஒரு கூட்டம் போட்டார்கள். சித்திரவதை, மனித உரிமை, யுத்தத்தில் சிக்கின குழந்தைகள் ஆகியவைகளைப் பற்றி, கதையில் நடித்தவர்களும் சபை உத்தியோகஸ்தர்களும் பேசினார்கள். தேசங்களின் பெயர்ப்பலகை வைக்கிற இடத்தில் கதையில் வருகின்ற பன்னிரண்டு உலகங்களின் பெயர்ப்பலகையை வைத்தார்கள். (அந்தப் பெயர்கள் ராசிகளிலிருந்து எடுத்தவை; அதைப் பார்த்து நாம் முகம் சுளித்தது வாஸ்தவம்தான்.) அக்கூட்டத்தில் எட்வர்டு ஜேம்ஸ் ஓல்மோஸ் என்கின்ற நடிகர் எழுந்து, இனம் இனம் என்று மனிதரைப் பிரித்துப் பேசுவதே தவறு, இருப்பது மனித இனம் ஒன்றே என்று உரத்துச் சொன்னார். இதற்கு எவ்வளவு வர்ணம் செலவாயிற்று? பன்னிரண்டு பலகை! பேயுமில்லை, பொய்யுமில்லை, பத்திரிகைகளிலெல்லாம் செய்தி வந்தது.

கடைசியாகத் திட்டத்தைப் பற்றி. படம் வரைவதற்கு முன்னே, இதை யார் பார்ப்பார்கள் என்று பத்துப் பேரிடமாவது போய்க் கேளுங்கள். ஏற்கனவே இக்கதைகளில் பைத்தியமாயிருப்பவனுக்கு ஒரு விளம்பரமும், ராக்கெட்டைக் கண்டாலே இது படித்தவனுக்கு என்று ஒதுங்குகிறவனுக்கு ஒரு விளம்பரமும் வேண்டும். இரண்டாமவனைத்தான் ஒருவரும் கவனிப்பதில்லை. முத்திரை டெலிவிஷனின் மூலையில் கட்டைவிரல் நகத்தளவு நிற்கும். ஆகையால் நகத்தளவாகவே முதலில் வரைந்து பாருங்கள், பிறகு பெரிதாக்கலாம். கறுப்பு மையில் மட்டும் அச்சடித்தாலும் அது அடையாளம் தெரியவேண்டும். நீல இருட்டில் நட்சத்திரம் தூவுவதை (முதல் படத்துக்காரர் மன்னிக்க வேண்டும்) இந்த வகைச் சுவரொட்டிகளில் ஆயிரம் பார்த்தாகிவிட்டது.

மூன்றாவது படத்திலும் ஒரு குறை உண்டு. எத்தனை மணிக்கு, எந்தச் சானலில் என்பது அதில் இல்லை. எழுத்தும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கின்றது. நேற்று மாலை அதை நம் தெரு டீக்கடையில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். வண்டிக்காரர் ஒருவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளை எதைப் பார்க்கிறது?" என்று கேட்டார். சனி என்றோம். "சனியையா? பயமில்லாமலா?" என்றார். பிறகு, "இது எப்போது காட்டுவார்கள்?" என்று கேட்டார். அதற்குப் படத்தில் பதில் இல்லை. அந்த அம்மாள் இன்று இரவே அதை எழுதிவிடுவதாகச் சொல்லியிருக்கின்றார்.